‘நாங்க’ன்னா யாரு யாரு?

பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஏறிய இடத்திலேயே வேர்விட்டு நின்றுவிடுவார்கள். முன்பக்கம் காற்றாடக் காலியாகக் கிடக்கும், பின்படிக்கட்டில் மட்டும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நிற்பார்கள். “முன்னாடி போங்க, முன்னாடி போங்க. அங்க என்ன புலியா படுத்திருக்கு?” என்று கண்டக்டர் அக்கா குரல் கொடுத்தால்தான் நகர்வார்கள். அது லேசுப்பட்ட குரல் இல்லை. பஸ்ஸுக்கு வெளியே நடந்துபோகிறவர்கள்கூட ஓர் எட்டு முன்னே வைப்பார்கள். அப்படித்தான் அவருக்கு முன்னாடியக்கா என்ற பெயர் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

இந்த முன்னாடியக்காதான் நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார். அதுவும் யாரை எதிர்த்து? இரண்டு தடவை ஜெயித்து, மூன்றாவது தடவையும் ஜெயிக்கப்போகிறேன் என்று இப்போதே மாப்பிள்ளை மாதிரி வளைய வந்துகொண்டிருந்த ஆலை முதலாளியை எதிர்த்து. ஊரில் பாதிப் பேருக்கு அவர் ஆலையில் வேலை. மீதிப் பேருக்கு அவர் ஆலைப் புகை. செய்தி கேட்டவர்கள் எல்லாரும் முதலில் சிரித்தார்கள்.

சிரித்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அக்காவின் அரசியல் கழிப்பறையில் தொடங்கிய அரசியல். இதைச் சொன்னால் கட்சிக்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள், அக்கா சுளிக்கமாட்டார். பதினாலாம் நம்பர் பஸ் போய்த் திரும்புகிற கடைசி நிறுத்தத்தில் ஆண்களுக்கு ஒரு சுவர் இருந்தது. பெண்களுக்கு அதுவும் இல்லை. அக்கா மனு கொடுத்தார். பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். மறுபடி கொடுத்தார். பரிசீலனை இன்னும் முடியவில்லை என்றார்கள். அத்தனை பரிசீலனையில் ஓர் அரண்மனையே கட்டியிருக்கலாம்.

அந்த நிறுத்தத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் டிப்போ மேலாளரின் வீடு. ஒருநாள் அக்கா தோள் பையோடு நேரே போய்க் கதவைத் தட்டினார். மேலாளரின் மனைவி திறந்தார். “மேடம், சாரோட டிப்போல கண்டக்டர் நான். பாத்ரூம் போகணும். வேற இடம் இல்ல” என்றார் அக்கா. அந்த அம்மா வழிவிட்டார். மறுநாள் அக்காவோடு பயணிகளில் இரண்டு பெண்கள் போனார்கள். அதற்கு மறுநாள் வாசலில் வரிசை நின்றது. வார முடிவில் மேலாளர் சட்டைப் பித்தானைப் போட்டபடி வெளியே வந்து, “இது வீடா, பஸ் ஸ்டாண்டா?” என்று கத்தினார். பதில் அக்காவிடமிருந்து வரவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவிதான் சொன்னார்: “பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு கட்டுங்க. இது வீடா இருக்கும்.”

மழைக்காலம் வருவதற்குள் கட்டினார்கள். தண்ணீரோடு, தாழ்ப்பாளோடு. அதன்பிறகு சும்மா விடுவார்களா? தொழிலாளர் சங்கத்துக்கு அக்காவை இழுத்துப் போட்டார்கள், அங்கிருந்து கட்சி சார்பில் நகரமன்றத்துக்கு அனுப்பினார்கள். நகரமன்றத்திலும் அதே குரல்தான். கோப்பு எந்த மேசையில் நின்றாலும், “ஏன் இங்கயே நிக்குது, முன்னாடி அனுப்புங்க” என்பார். குமாஸ்தாக்கள் அவரைக் கண்டால் எழுந்து நடப்பதுபோல் பாவனை செய்வார்கள்.

பதினாலாம் நம்பரின் டிரைவரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அக்காவும் அவரும் ஒரே வண்டியில் பல வருஷம் ஓடியவர்கள். அவர் முன்னால், இவர் பின்னால், நடுவில் ஊரே நிற்கும். முகம் பார்த்துப் பேசுவதெல்லாம் டீக்கடையில்தான். ஆனால் விசில் சத்தத்தை வைத்தே அண்ணன் அக்காவின் மனநிலையைச் சொல்லிவிடுவார். “என்ன தங்கச்சி, காலைல வீட்ல சண்டையா? விசில் கடிக்குதே” என்பார். அக்காவை ‘நீ, வா, போ’ என்று அழைக்கிற உரிமை வீட்டுக்காரருக்கு அடுத்தபடி அந்த அண்ணனுக்குத்தான் இருந்தது. அக்கா முதல் தடவை நகரமன்றத்துக்கு நின்றபோது, ஓய்வு நாளில் வீடு வீடாகப் போய் அவருக்கு ஓட்டுக் கேட்டதும் அவர்தான்.

கட்சித் தலைவரிடமிருந்து தொலைபேசி வந்த நேரத்தில் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிய, காதில் போனை இடுக்கிக்கொண்டு, “நாடாளுமன்றத்துக்கா? நானா?” என்று கேட்டார். கூடத்தில் இருந்த வீட்டுக்காரர், வெங்காயமா சந்தோஷமா என்று புரியாமல் எட்டிப் பார்த்தார். அவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவர். நாள் முழுக்க, ‘இது தெளிவா, அது தெளிவா?’ என்று லென்சை மாற்றி மாற்றிக் கேட்டே பழக்கமாகி, வீட்டிலும் அதையே கேட்பார்.

“நிக்கறதுன்னா வேலைய விடணும். நகரமன்றம் மாதிரி இல்ல, இதுக்குச் சட்டமே அப்படி. தோத்தா வேலையும் இல்ல, பதவியும் இல்ல” என்றார் அக்கா.

“நிக்காம இருந்தா?”

“ஆயுசுக்கும் இதே நெனப்பா இருக்கும்.”

“இது தெளிவா, அது தெளிவா?”

அக்கா யோசிக்கவில்லை. “இதுதான் தெளிவு. நிக்கறேன்” என்றார். சொன்னதும் உடம்பு சிலிர்த்தது. ஊர் சாக்கடை நாறினால் நகரமன்றத்தில் கத்தலாம். அரசு பஸ்ஸை அடியோடு ஒழித்துவிட்டுத் தனியார் கையில் கொடுக்கிற சட்டம் வந்தால் அதற்குக் கத்துகிற இடம் தலைநகரில் இருந்தது. அப்படி ஒரு சட்டம் அடுத்த கூட்டத்தொடரில் வரப்போவதாகப் பேச்சு. அதற்குக் கையெழுத்துப் போட்டு முன்மொழிந்தவர்களில் ஆலை முதலாளியும் ஒருவர். தான் தோற்றால் தனக்கு மட்டும் வேலை போகாது, டிப்போவே போய்விடும் என்று அக்காவுக்கு நன்றாகத் தெரிந்தது.

தோள் பையையும் விசிலையும் டிப்போ அலுவலகத்தில் ஒப்படைத்த அன்று, கடைசி நடையை அண்ணன்தான் ஓட்டினார். இறங்குகிற ஒவ்வொருவரும் வாழ்த்திவிட்டுப் போனார்கள். வண்டியை நிறுத்தியபின் அண்ணன் இருக்கையிலிருந்து திரும்பாமலே, “ஜெயிச்சுட்டு வா. தோத்துட்டு வந்தா இந்த வண்டில ஏத்தமாட்டேன்” என்றார்.  அக்காவுக்கு ஒரு கண்ணில் அழுகை, ஒரு கண்ணில் ஆவல்.

பிரச்சாரம் என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. கட்சி ஒரு கார் கொடுத்தது. காருக்கு மேலே ஒலிபெருக்கி, காருக்குள்ளே ஒரு பேச்சு வாத்தியார். தலைநகரிலிருந்து வந்தவர். பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் மேடைப்பேச்சு சொல்லிக்கொடுத்தவர். மோசமானவர் இல்லை, தன் வேலையைக் கருத்தாகச் செய்கிறவர். அக்கா பேசியதை ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, “குரல் பிரமாதம். ஆனா எதுக்கெடுத்தாலும் ‘நாம செய்வோம், நாம பாத்துக்குவோம்’னு சொல்றீங்க. அது உள்ளூர்ப் பேச்சு” என்றார்.

“ஏன் சார், என்ன தப்பு?”

“‘நாம செய்வோம்’னு சொன்னா ஜனங்களையும் வேலைக்குக் கூப்பிடற மாதிரி இருக்கு. அவங்க ஓட்டுப் போடத்தான் வருவாங்க, வேலை செய்ய வரமாட்டாங்க. ‘நாங்கள் செய்வோம்’னு சொல்லுங்க. பின்னாடி ஒரு கட்சி நிக்குது, ஒரு படை நிக்குதுன்னு தெரியும்.”

அக்காவுக்கு அது சரியென்றே பட்டது. படை என்ற சொல் வேறு பிடித்துப்போயிற்று. வீட்டில் கண்ணாடி முன் நின்று, “நாங்கள் சாலை அமைப்போம். நாங்கள் உங்கள் குரலாக ஒலிப்போம்” என்று பயிற்சி செய்தார். வீட்டுக்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, ‘நாம’ ஒரு தடவை, ‘நாங்கள்’ ஒரு தடவை என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்காட்டினார். ஆயுள் முழுக்க வித்தியாசம் கண்டுபிடிக்கிறதே தொழிலாக இருந்த மனிதர், இந்த ஒரு இடத்தில் கோட்டை விட்டார். “ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. ரெண்டாவது கொஞ்சம் கம்பீரமா இருக்கு” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

கம்பீரம் வேலை செய்தது. வியாபாரிகள் சங்கத்தில் கைதட்டினார்கள். வக்கீல்கள் சங்கத்தில் எழுந்து நின்றே கைதட்டினார்கள். நேற்றுவரை சிரித்த ஊர் இப்போது கணக்குப் போட ஆரம்பித்தது. சலூனில், மருந்துக்கடையில், ஆலை வாசலிலேகூட, “ஏம்ப்பா, முன்னாடியக்கா நெஜமாவே வந்துடும்போல இருக்கே” என்று பேசிக்கொண்டார்கள். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து கூட்டம், தொண்டைக்குள் மிளகாய் அரைத்த எரிச்சல், ஆனாலும் காரில் ஏறியதும் அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்பார். தலைநகரின் அந்தப் பெரிய வட்ட மண்டபத்தில் எழுந்து நின்று பேசுவதுபோல் பகலிலேயே கனவு வந்தது.

இந்த வேகத்தில்தான் டிப்போவுக்குப் போனார்.

அக்காவுக்கு அது பிறந்த வீடு மாதிரி. பணிமனையில் ஒரு பஸ்ஸின் முன் படிக்கட்டையே மேடையாக்கியிருந்தார்கள். டிரைவர்கள், கண்டக்டர்கள், பெயிண்டர்கள், டயர் கழற்றுகிறவர்கள் எல்லாரும் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். பலமாக விசில் அடித்தார்கள். அக்கா படியேறி ஒலிபெருக்கியைப் பிடித்தார். வாயைத் திறந்ததும் பழக்கிவைத்த பேச்சு தானாக ஓடிவந்தது.

“உங்கள் பேருந்துகளை நாங்கள் காப்பாற்றுவோம். உங்கள் கஷ்டங்களை நாங்கள் அறிவோம். உங்களுக்காக நாங்கள் பாடுபடுவோம்.”

விசில் நின்றது. ஏன் நின்றது என்று அக்காவுக்கு உறைக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த வரிக்குப் போகப்போனார். கூட்டத்தின் கடைசியில் டயர் மேல் உட்கார்ந்திருந்த அண்ணன் கையைத் தூக்கினார்.

“தங்கச்சி, ஒரு சந்தேகம்.”

“கேளுங்க அண்ணே.”

“‘நாங்க’ன்னா யாரு யாரு?”

“நாங்கதான் அண்ணே. கட்சி.”

“அப்ப நாங்க?”

யோசிக்க ஒரு விநாடி கிடைத்திருந்தால் தப்பித்திருப்பார். மேடைவேகத்தில் வாய் முந்திக்கொண்டது. “நீங்க நீங்கதான் அண்ணே” என்று சொல்லிவிட்டார்.

நம் மொழியில் இப்படி ஒரு பொல்லாத்தனம் இருக்கிறது. ‘நாம்’ என்றால் கேட்கிறவரும் உள்ளே. ‘நாங்கள்’ என்றால் கேட்கிறவர் வெளியே. கதவு ஒன்றுதான், தாழ்ப்பாள் போடுகிற பக்கம்தான் வேறு. இலக்கணப் புத்தகத்தைத் தொட்டுப் பார்க்காதவனும் இதில் தவறுவதில்லை. மூன்று வயதுப் பிள்ளைகூட, “நாங்க கடைக்குப் போறோம்” என்று அம்மா சொன்னால் உடனே அழ ஆரம்பித்துவிடும், தன்னை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று. பணிமனையில் யாரும் அழவில்லை. முகங்கள் மட்டும் மூடிக்கொண்டன.

அண்ணன் டயரிலிருந்து எழுந்தார். கைத்துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “சரிங்க. நீங்க பேசுங்க மேடம்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கப் போனார்.

மேடம். அக்காவுக்கு யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. மீதிப் பேச்சை எப்படி முடித்தார் என்று அவருக்கே நினைவில்லை.

யாரோ கைபேசியில் பிடித்துவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க அது ஓடியது. ‘நீங்க நீங்கதான் அண்ணே’ என்பதற்கு மெட்டுப்போட்டுப் பாடினார்கள். முன்னாடியக்கா பின்னாடியக்கா ஆனார். ஆலை முதலாளிக்கு மூளை இல்லை என்று யார் சொன்னது? மறுநாளே சுவரெல்லாம் புதுச் சுவரொட்டி: ‘அவர்கள் சொல்வது நாங்கள். நாம் சொல்வது நாம்.’ அடியில் முதலாளி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். காரில் போகும்போது அக்கா ஒவ்வொரு சுவரையும் எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி பொரிந்துகொண்டே பார்த்தார்.

வாத்தியார் நிஜமாகவே வருந்தினார். “என் தப்புதாங்க. எல்லாத்தையும் மாத்திடறேன்” என்று, எழுதிவைத்த பேச்சில் ‘நாங்கள்’ என்று இருந்த இடத்திலெல்லாம் அடித்து ‘நாம்’ என்று எழுதினார். அண்ணனைப் பார்க்க அக்கா இரண்டு தடவை டிப்போ டீக்கடைக்குப் போனார். ஒரு தடவை அவர் வண்டியில் இருந்தார். இன்னொரு தடவை டீயைக் குடித்து முடித்து, “வாங்க, உக்காருங்க, எனக்கு டிரிப்புக்கு நேரமாச்சு” என்று மரியாதையாக எழுந்துபோனார். திட்டியிருந்தால் தேவலை என்று அக்காவுக்கு இருந்தது. டிப்போவும் அதைச் சுற்றிய தெருக்களும் சேர்ந்தால்தான் இந்தத் தொகுதியில் எவரும் ஜெயிக்க முடியும். அங்கே போன ஓட்டு திரும்புமா என்று கட்சிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வாக்குப்பதிவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நகர மண்டபத்தில் நேருக்கு நேர் விவாதம். தொலைக்காட்சியில் நேரடியாகப் போகிறது. மண்டபத்துக்குள் நிற்க இடமில்லை, மாடிப் படியிலும் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் இரண்டு மேசை. இரண்டுக்கும் முன்னால் ஒலிபெருக்கி. பின் சுவரோரம் காக்கி உடுப்பில் டிப்போக்காரர்கள் சிலர். அவர்களுக்கு நடுவே கை கட்டி நின்றிருந்த அண்ணனை அக்கா ஏறியதுமே பார்த்துவிட்டார்.

முதலில் முதலாளி பேசினார். சீட்டுப் போட்டதில் அவருக்குத்தான் முதல் வாய்ப்பு விழுந்தது. “நாம் காலையில் எழுந்து பேருந்துக்குக் காத்திருக்கிறோம். நாம் நெரிசலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறோம். நம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைப்பதில்லை. நாம் எத்தனை நாள் பொறுப்பது?” என்று ஒவ்வொரு ‘நாமு’க்கும் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். மண்டபம் கேட்டது. சிலர் தலையும் ஆட்டினார்கள்.

அக்கா குனிந்து பார்த்தார். கையில் இருந்த தாளிலும் அதே ‘நாம்’தான். அதே பேருந்து, அதே கட்டில். முதலாளி சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுப் போன இலையில் தான் போய் உட்கார்வதுபோல் இருக்கும். ‘நாம்’ என்று சொன்னால் இந்த ஆளும் அதற்குள் வந்துவிடுவார். ‘நாங்கள்’ என்று சொன்னால் மண்டபமே வெளியே போய்விடும். என்ன செய்வது? விவாதத்தை நடத்துகிறவர், “அடுத்து நீங்கள்” என்று கை காட்டினார். கீழே வாத்தியார் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா தாளை மேசையில் வைத்தார். கோபம்தான் அவரைக் காப்பாற்றியது என்று சொல்லவேண்டும். எத்தனையோ வருஷம், டிக்கெட் எடுக்காமல் எடுத்தேன் என்று சாதிக்கிற ஆட்களைப் பார்த்தவர் அவர். அப்படி ஒரு ஆள் சிக்கினால் கண்டக்டர் மற்றவர்களைப் பார்த்துப் பேசமாட்டார். முழு உடம்போடு அந்த ஆள் பக்கம் திரும்பிவிடுவார். அக்காவும் திரும்பினார். மண்டபத்துக்குத் தோளைக் காட்டிக்கொண்டு, முதலாளிக்கு நேர் எதிரே நின்றார்.

“ஐயா, எந்த பஸ்?”

முதலாளிக்குப் புரியவில்லை. “என்ன?”

“காலைல காத்திருக்கோம்னு சொன்னீங்களே. எந்த நம்பர் பஸ்ஸுக்குக் காத்திருக்கீங்க?”

“அது... எல்லாப் பேருந்தும்தான்.”

மண்டபத்தில் எங்கோ ஒரு சிரிப்புக் கிளம்பியது. எல்லாப் பேருந்துக்கும் காத்திருக்கிற ஆளை யாரும் பார்த்ததில்லை.

“தொங்கிக்கிட்டுப் போறோம்னு சொன்னீங்க. எந்தக் கம்பில? முன்படியா, பின்படியா?”

முதலாளி நடத்துகிறவரைப் பார்த்தார். நடத்துகிறவர் கூரையைப் பார்த்தார்.

“நான் சொல்றேன் ஐயா” என்றார் அக்கா. கண்ணை எடுக்கவே இல்லை. “நாங்க காத்திருக்கோம். நீங்க இல்ல. நாங்க தொங்கறோம். நாங்க புள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரி வராந்தால தரையில படுத்திருக்கோம். ரோட்டுல உங்க கார் எங்கள ஓரம் போகச் சொல்லி ஹாரன் அடிச்சுட்டுப் போகுது. எங்க பஸ்ஸ விக்கறதுக்கு நீங்க கையெழுத்துப் போட்டீங்க. நாங்க போடல.”

டிப்போவில் சொன்ன அதே ‘நாங்க’தான். ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் அன்றைக்கு முகம் டிப்போவைப் பார்த்து இருந்தது, டிப்போ வெளியே போயிற்று. இன்றைக்கு முகம் முதலாளியைப் பார்த்து இருக்கிறது. வெளியே போனவர் அவர் ஒருவர்தான். மண்டபம் மொத்தமும், மாடிப்படி உட்பட, அந்தச் சொல்லுக்குள் இருந்தது. சிலருக்கு மயிர்க்கூச்செறிந்தது. சொன்ன அக்காவுக்கே அப்போதுதான் புரிந்தது, தான் என்ன செய்துவிட்டோம் என்று. 

“எந்த பஸ்னு நாங்க கேக்கறோம்” என்று பின்னால் ஒரு பெண் குரல் எழுந்தது. “நாங்களும்தான் கேக்கறோம்” என்று இன்னொன்று. பிறகு யார் சொன்னார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நடத்துகிறவர் மணியை அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோனார். முதலாளி, “நான் என்ன சொல்ல வந்தேன் என்றால், நாம்...” என்று ஆரம்பித்தார். அவர் ‘நாம்’ என்றதுமே மண்டபம் சிரித்துவிட்டது. பாவம், அதன்பிறகு அந்தச் சொல்லை அவரால் வாயில் எடுக்கவே முடியவில்லை. எடுக்காமல் பேசவும் தெரியவில்லை.

அக்கா பின் சுவரைத் தேடினார். அண்ணன் நின்றிருந்த இடம் காலியாக இருந்தது. போய்விட்டாரா, எப்போது போனார், இதைக் கேட்டாரா கேட்கவில்லையா, ஒன்றும் தெரியவில்லை. வெளியே ஆட்கள் அக்காவைத் தலையில் தூக்கிவைத்து ஆடாத குறை. அந்த ஆரவாரத்துக்கு நடுவிலும் அவர் கண் காக்கி உடுப்பைத் தேடியபடியே இருந்தது.

எண்ணிக்கை நாளன்று அக்கா ஒரு வாய் தண்ணீருக்குமேல் எதுவும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். எண்ணுகிற இடம் ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய கூடம். ஆலைப் பக்கத்துப் பெட்டிகளை முதலில் திறந்தார்கள். முதலாளி முன்னே போனார். சந்தைப் பக்கம் வந்தது, அக்கா எட்டிப் பிடித்தார். மேட்டுத் தெருக்கள் வந்தன, மறுபடி முதலாளி. மதியத்துக்குமேல் இரண்டு பேரும் தோளோடு தோள் ஓடினார்கள். வாத்தியார் எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி நடந்தார். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து தன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேய்த்தே விட்டார். மிச்சம் இருந்தது டிப்போவைச் சுற்றிய தெருக்கள்தான்.

அந்தப் பெட்டிகளைக் கவிழ்த்தபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டார். சீட்டுகளைப் பிரித்து அடுக்குகிற சரசரப்பு மட்டும் கேட்டது. பிறகு யாரோ மூச்சை இழுத்தார்கள். வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்து நசுக்கினார். “கண்ணத் திற. உன் அடுக்கு மேசைய விட்டு வெளிய வழியுது பாரு.”

அக்கா கண்ணைத் திறந்தார். தெளிவாகத்தான் தெரிந்தது. முன்னாடியக்கா நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். அன்று ஊரில் ஒரு கடையிலும் இனிப்பு மிஞ்சவில்லை. நடந்துபோன முகம் தெரியாதவர்கள்கூட அவரைக் கட்டிப்பிடித்தார்கள். வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் இருக்கும் என்று அக்கா நினைத்ததே இல்லை. எல்லாரும் வந்தார்கள். அண்ணன் மட்டும் வரவில்லை.

மறுநாள் காலை, அக்கா பல் துலக்கிவிட்டு வருவதற்குள் வாசலில் பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தார். காக்கி உடுப்புகள். முன்னால் அண்ணன், சலவைச் சட்டையில், பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு. அக்கா துண்டை எறிந்துவிட்டு ஓடினார்.

“அண்ணே, உள்ள வாங்க. ஏன் வாசல்லயே நிக்கறீங்க?”

“இருக்கட்டுங்க. நாங்க உங்களப் பாக்க வந்திருக்கோம்.”

அக்கா நின்றுவிட்டார். “இன்னும் கோவமா அண்ணே? மண்டபத்துல சொன்னத நீங்க கேக்கலையா?”

“கேட்டேன். பாதிலயே ஓடினேன். டிப்போல டூட்டில இருந்தவங்களையெல்லாம் டிவி முன்னாடி இழுத்து உக்கார வைக்கணுமே. நேத்து டிப்போல ஆடின ஆட்டத்துல என் முட்டி வீங்கிக் கெடக்கு. கோவம் இருந்தா ஆடுவனா?”

“அப்புறம் எதுக்கு இந்த ‘நீங்க’?”

 அண்ணன் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “நேத்து வரைக்கும் நீ எங்க ஆளு. இன்னிலேருந்து எங்க மெம்பர். ‘நீ’ன்னு கூப்பிட்டேன்னு வையுங்க, ‘பாவம் நம்ம தங்கச்சி, அவளால முடிஞ்சதத்தான செய்வா’ன்னு மனசு விட்டுக்குடுத்துடும். விட்டுக்குடுக்கக் கூடாது. அந்தச் சட்டம் அடுத்த மாசம் வருது. நாங்க கேப்போம். நீங்க பதில் சொல்லணும்.”

அக்காவுக்குப் புரிந்தது. மண்டபத்தில் முதலாளி நின்ற இடத்தில் இப்போது தான் நின்றுகொண்டிருப்பது புரிந்தது. அந்த ‘நாங்க’ அவர் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது. அதற்குள் போக இனி அவருக்கு வழி இல்லை. ஜெயிப்பது என்றால் இதுதானா என்று நினைத்தார். அதே நேரத்தில் உள்ளுக்குள் ஏதோ துள்ளியது. இத்தனை பேர் விடியற்காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, தன்னை நம்பி, தன்னிடம் சண்டைபோடத் தயாராக நிற்கிறார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளே கூப்பிடவில்லை. படியிறங்கி, அவர்களுக்கு எதிரே வந்து நின்றார்.

“சொல்லுங்க” என்றார்.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, பிரேக்கு பிடிக்காத வண்டிகளிலிருந்து ஆரம்பித்தார்.